பால்கனி அவசிய ஆய்வுத் துணைக்குழு

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை விற்கிறவனிடம் விடுமுறை எப்போது என்று கேட்டால் சிரிப்பான். தை மாதம் முகூர்த்தம். மாசியில், பங்குனிக்கு முகூர்த்தம் வைத்தவர்கள் வந்து உட்காருவார்கள். சித்திரை, வைகாசியில் கடைக்குள் நிற்க இடமிருக்காது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் தள்ளுபடி உண்டு. ஆவணியில் திரும்பவும் முகூர்த்தம். புரட்டாசியில் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும். மார்கழியில் யாருமே வரமாட்டார்கள், அதனால்தான் அந்த மாதத்தில் அலமாரியை எல்லாம் இறக்கி இருப்பு எடுக்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் மாணிக்கவேல் தன் மனைவி மஹாலட்சுமியிடம், "சீசன் முடியட்டும், எங்கியாவது போய் வரலாம்" என்று சொன்னான். அந்த சீசன் இன்னும் முடியவில்லை. மகன் காலேஜில் சேர்ந்துவிட்டான்.

மாணிக்கவேல் விற்பனையாளனாக இருப்பது பொன்னிழை பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில். சங்கம் ஆண்டுதோறும் சிறந்த விற்பனையாளருக்குக் குத்துவிளக்கு கொடுக்கும். மாணிக்கவேல் வீட்டில் குத்துவிளக்குகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கப்பட்டிருந்தன. இந்த ஆண்டு சங்கத்துக்கு ஐம்பதாவது ஆண்டு. அதனால் தலைவர் கலியாணசுந்தரம் மேடையேறி, விளக்குக்குப் பதில் கப்பல் பயணம் என்று அறிவித்துவிட்டார். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கைக் கரை வரை போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பல். தம்பதியாக இரண்டு பேர். வெற்றி பெற்றவன் மாணிக்கவேல்.

டிக்கெட் போடும் பொறுப்பு செங்கழுநீரோடை வீதியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் காஜாவுக்கு. காஜா நல்ல மனிதர். விற்கிற பொருளின் குறையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். அதனால் அவர் கடையில் கூட்டமிருக்காது.

"மாணிக்கம்ணே, கப்பல் ரூம்ல மூணு தினுசு இருக்குது. நடுவுல இருக்குறது உள்ரூம். நாலு பக்கமும் செவுரு. அடுத்தது ஜன்னல் ரூம். கண்ணாடி இருக்கும், தொறக்காது. மூணாவது பால்கனி ரூம். கதவத் தொறந்தா நேரா கடல். சங்கத்துல உனக்குப் போட்டிருக்கிறது உள்ரூம்."

"பால்கனி எடுத்தா நல்லதா பாய்?"

"அது நீ ரூம்ல எவ்ளோ நேரம் இருக்கப்போறேன்றதப் பொறுத்துது. கப்பல்ல இருக்குறவன் ரூம்லயா இருக்கான்? சாப்பிடுறான், பாட்டு கேக்குறான், திரும்பவும் சாப்பிடுறான். மேல் தளத்துல சும்மா நின்னாலே கடல் தெரியுது. உள்ரூம்ல ஆட்டமும் கம்மி. வெளக்க அணைச்சா பகலா ராத்திரியான்னே தெரியாது. தூக்கத்துக்கு அத அடிச்சிக்க ஆளில்ல. என்னக் கேட்டா பால்கனி வேஸ்ட்டுண்ணே."

"வெளிச்சத்துல காட்ட முடியாதா?" என்று மாணிக்கவேல் கேட்டான். அது தொழில் பழக்கம். காஞ்சிபுரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும், பெண்கள் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். டியூப்லைட்டில் மாம்பழ நிறமாகத் தெரிந்தது வெயிலில் மஞ்சளாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். காஜாவும் மறுபேச்சுப் பேசாமல் செல்போனை வாசலுக்கு எடுத்து வந்து, இரண்டு அறைகளின் படத்தையும் வெயிலில் காட்டினார். வெயிலில் போன் திரை கறுப்பாகத் தெரிந்தது.

"இது உள்ரூமா, பால்கனியா?"

"இது நம்ம ரெண்டு பேரு மூஞ்சிண்ணே."

வீட்டுக்குப் போய் மஹாலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாலு பக்கமும் செவுருன்னா நா வரல. நீங்க யாரையாவது கூட்டிக்கினு போங்க" என்றாள்.

காரணம் அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஜவுளிக்கடை லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே அவளும், அறிமுகமில்லாத ஒரு குடும்பமும், அவர்கள் வாங்கிய மெத்தையும். அன்றிலிருந்து மூடிய அறை என்றால் அவளுக்கு மார் அடைத்துக்கொள்ளும். வீட்டில் ஜன்னலோரம்தான் படுப்பாள். மழைச்சாரல் அடித்தாலும் கதவு சாத்தக் கூடாது.

"பால்கனி இருந்தா வருவியா?"

அவள் யோசித்தாள். "கதவு தொறக்குமா?"

"தொறக்குமாம்."

"அப்ப வரேன்" என்றாள். சொல்லும்போதே முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு மாணிக்கவேலுக்கு வேறு கணக்கு எதுவும் போடத் தோன்றவில்லை. கூடுதல் செலவைத் தானே கட்டிக்கொள்கிறேன், அறையை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றலாம் என்று காஜா சொல்லியிருந்தார்.

சங்கத்தில் ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கேட்டது கிடைப்பதற்கும் கிடைக்காமல் இருப்பதற்கும் நடுவில் விவாதம் என்று ஒன்று இருக்கிறது. விவாதம் தொடங்கிவிட்டால், கேட்டவர் அதில் தேவையில்லை.

நிர்வாகக் குழு கூடியது. தலைவர் கலியாணசுந்தரம் எழுந்து நின்றார். நான்கு பேர் உள்ள அறையிலும் மைக் இல்லாமல் அவருக்குப் பேச வராது.

"அன்பார்ந்த இயக்குநர்களே! மாணிக்கவேல் நல்ல பையன். நான் மறுக்கல. ஆனா சங்கம் குடுத்த பரிச அவன் மாத்தச் சொல்றான். இன்னிக்கு ஒருத்தன் பால்கனி கேப்பான். நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான். நாளன்னிக்கு நாமளே கேக்கும்போது இல்லன்னு ஆயிடும். அதனால எல்லாம் முறைப்படி நடக்கணும்."

துணைத்தலைவர் துரைக்கண்ணு மேசையைத் தட்டினார். இயக்குநர் தில்லையம்மாள், "பால்கனின்னா துணி காயப்போடுற எடந்தானே? மூணு நாள் போறவன் எத்தினி துணிய தொவைக்கப் போறான்?" என்று கேட்டார். இந்தக் கேள்வி ஆழமானது என்று முடிவாகி, மூன்று பேரும் சேர்ந்து பால்கனி அவசிய ஆய்வுத் துணைக்குழு ஆனார்கள்.

முதல் சிக்கல் சட்டச் சிக்கல். சங்கத்தின் துணைவிதிகளில் கப்பல் என்ற சொல்லே இல்லை. புடவை என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஆகவே அறையைப் புடவையாகவே கருதலாம் என்று தலைவர் தீர்ப்பளித்தார். அப்படியானால் பால்கனி என்பது புடவையின் கரையா, முந்தியா?

சாதாரணக் கேள்வி இல்லை இது. காஞ்சிப் பட்டில் உடலைத் தனியாகவும் கரையைத் தனியாகவும் வேறு வேறு நிறத்தில் ஓட்டி, இழைக்கு இழை கோர்த்துக்கொண்டே போவார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒரு ஆள் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவரும் ஊடை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ள வேண்டும். கரையைப் பிரித்தால் புடவையே போய்விடும். ஆனால் முந்தி அப்படியில்லை, அது அவரவர் வசதிக்குத் தகுந்தபடி.

"கரைன்னா சங்கமே குடுத்திருக்கணும். முந்தின்னா அவன் ஆடம்பரம்" என்றார் துரைக்கண்ணு.

"கடலுக்குக் கரைதானே இருக்குது? அப்ப கரைதான்" என்றார் தலைவர்.

"தலைவரே, முந்தி காத்துல பறக்கும். பால்கனியிலயும் காத்து வரும். அது முந்திதான்."

மாணிக்கவேலை சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவன் கைகட்டி நின்று, "என் சம்சாரத்துக்கு மூடுன ரூம்ல மூச்சு வாங்குதுங்க. கதவு தொறந்தா போதுங்க" என்றான். சாட்சி பேசுபொருளை விட்டு விலகிச் சென்றதாகப் பதிவு செய்யப்பட்டது.

இரண்டாவது நாள் கள ஆய்வு. கப்பல் கைவசம் இல்லாததால் ஊரில் இருக்கிற பால்கனியை ஆராய்வது என்று தீர்மானம். தலைவர் பிள்ளையார்பாளையத்தில் புதிதாகக் கட்டிய வீட்டில் பால்கனி இருந்தது. அது ஆய்வுக்கு ஏற்றது என்று தலைவரே முன்மொழிந்து, தலைவரே வழிமொழிந்தார். கடல் இல்லாத குறைக்கு, மாணிக்கவேல் ஒரு வாளியில் உப்புத் தண்ணீரோடு நிற்க வேண்டும். தலை அசைத்ததும் முகத்தில் தெளிக்க வேண்டும். துரைக்கண்ணு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, தில்லையம்மாள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

"என்ன தெரியுது துரைக்கண்ணு?" என்றார் தலைவர்.

"தலைய சுத்துது."

"அது கப்பல்ல தெரியிறது. பால்கனியில இன்னா தெரியுது, அதச் சொல்லு."

துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஒண்ணும் தெரியல."

தலைவர் எட்டிப் பார்த்தார். எதிர்த் தெருவில் ஒரு தனியார் பட்டு மாளிகையின் பின்வாசல் தெரிந்தது. சங்க உறுப்பினர்கள் தங்கள் தறிப் புடவையைச் சங்கத்துக்குக் கொடுக்காமல் ரகசியமாக விற்கிற இடம் அது என்று ஊரில் பேச்சு. வாசலில் ஒரு பச்சை ஸ்கூட்டர் நின்றது.

"இது உன் வண்டி மாதிரியே இருக்குதேபா?"

"பச்ச வண்டி ஊரு பூரா இருக்குது தலைவரே."

"வெநாயகர் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்குது."

"வெநாயகர் எல்லாருக்கும் பொதுதானே!"

அப்போது மாணிக்கவேல், யாரோ தலை அசைத்தார்கள் என்று நினைத்து, வாளித் தண்ணீரை வீசிவிட்டான். ஆய்வு நிறைவுற்றது.

அன்று மாலையே துணைக்குழு இரண்டாகப் பிளந்தது. பால்கனி ஒழுக்கத்துக்குக் கேடு, தேவையில்லாததையெல்லாம் காட்டும், பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு ஆகாது என்றார் துரைக்கண்ணு. பால்கனி நிர்வாகத்தின் கண் என்றார் தலைவர். தில்லையம்மாள் நடுநிலை. "ஒரு பக்கத்தையே பாத்துட்டு எப்படிபா சொல்றது? உள்ரூமையும் உக்காந்து பாக்கணும்" என்றார்.

இதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. நான்கு பக்கமும் சுவர், ஜன்னல் கிடையாது, கப்பல் அறை அளவு. அப்படி ஓர் அறை சங்கத்திலேயே இருந்தது. ஜரிகைப் பெட்டகம்.

ஜரிகை என்பது வெள்ளியும் பொன்முலாமும். அதனால் அந்த அறைக்கு இரும்புக் கதவு. கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு சாவி போட வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பக் கூடாது என்பதற்காக, ஒரு சாவி தலைவரிடமும் இன்னொன்று துணைத்தலைவரிடமும் எப்போதும் இடுப்பிலேயே இருக்கும். நிர்வாக ரீதியாகக் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

வியாழக்கிழமை பிற்பகல் துணைக்குழு உள்ளே போனது. கப்பலில் சிக்னல் இருக்காது என்று காஜா சொல்லியிருந்ததால், மூவரும் செல்போன்களை மாணிக்கவேலிடம் கொடுத்தார்கள். நல்ல முடிவைக் கேட்டு வரலாம் என்று அன்று மஹாலட்சுமியும் வந்திருந்தாள். மூன்று நாற்காலி போட்டு மூவரும் உட்கார்ந்ததும் தலைவர், "மாணிக்கம், கதவச் சாத்து. வெளக்க அணை. அர மணி நேரம் கழிச்சித் தொற" என்றார்.

ஸ்விட்ச் வெளியில்தான். மாணிக்கவேல் கதவைத் தள்ளினான். கனமான சத்தத்தோடு அது பூட்டிக்கொண்டது. விளக்கையும் அணைத்தான். அதற்குப் பிறகுதான் மஹாலட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, சாவி யார்கிட்ட இருக்குது?"

மாணிக்கவேல் கதவைப் பார்த்தான். அதே நேரத்தில் உள்ளேயும் யாருக்கோ அந்தக் கேள்வி தோன்றியிருக்க வேண்டும். தலைவரின் குரல் கேட்டது. ஒயர் போவதற்காகக் கதவுக்கு மேலே கட்டைவிரல் நுழையாத ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகத்தான் காற்றும் குரலும் வந்தன. சாவியோ உள்ளங்கை நீளம்.

"மாணிக்கம்! தொறபா!"

"சாவி உங்ககிட்ட இருக்குதுங்களே!"

"எங்கிட்ட இருந்தா நீ எப்படித் தொறப்ப?"

"அதாங்க நானும் கேக்குறேன்."

விளக்கைப் போட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில் நிலைமை இன்னும் மோசமானது. துரைக்கண்ணு கதவை இரண்டு கையாலும் குத்துகிற சத்தம். "மூச்சு முட்டுது! செவுரு கிட்ட வருது!" வாலாஜாபாத்தில் ஒரு பெட்டக மெக்கானிக் இருந்தார். போன் போட்டதற்கு, பஸ் கிடைத்ததும் வருவதாகச் சொன்னார்.

மஹாலட்சுமி நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டு, அதன் மேல் ஏறி, ஓட்டைக்கு நேராக வாயை வைத்தாள்.

"ஐயா, கத்தாதீங்க. கத்துனா இன்னும் மூச்சு வாங்கும். கண்ண மூடிக்கோங்க. மூடிட்டீங்களா?"

"மூடிட்டோம்மா" என்று மூன்று குரல்.

"இப்ப நீங்க திருமுக்கூடல்ல ஆத்துக்கு நடுவுல நிக்கிறீங்க. மேல வானம். காத்து வருது. மெதுவா இழுத்து, மெதுவா விடுங்க."

"எந்தப் பக்கத்துலேருந்துமா காத்து வருது?" என்றார் துரைக்கண்ணு.

"கெழக்கால இருந்து."

"ஆத்துல தண்ணி இருக்குதாமா?" இது தலைவர்.

"நீங்க நெனச்சிக்கினா இருக்கும்."

"நல்லா ஜில்லுனு இருக்குதுமா" என்றார் தில்லையம்மாள்.

அந்த இதத்தில் மனம் இளகித்தானோ என்னவோ, துரைக்கண்ணு திடீரென்று, "அண்ணே, அது என் வண்டிதாண்ணே!" என்று அழுதார். தலைவர் சிறிது யோசித்துவிட்டு, "எனக்கும் அங்க கணக்கு இருக்குதுபா. இல்லன்னா பின்வாசல் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். இந்த ஒப்புதல்கள் ஆய்வின் வரம்புக்குள் வராதவை என்று தில்லையம்மாள் அங்கேயே தீர்ப்பளித்தார். மாணிக்கவேல் இதுதான் சமயம் என்று, "தலைவரே, பால்கனி அவசியங்களா?" என்று ஓட்டை வழியாகக் கேட்டான். அவசியம், அவசியம், அவசியம் என்று மூன்று குரலும் ஒருசேர வந்தன. சங்க வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மெக்கானிக் வந்து கதவைத் திறந்தார். மூவரும் வெளியே வந்து, சோடா குடித்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, திரும்பவும் நிர்வாகக் குழு ஆனார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாணிக்கவேலும் மஹாலட்சுமியும் காஜா கடைக்குப் போனபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"கப்பல்ல மிச்சம் இருந்தது நாலே பால்கனி ரூம்ணே. காலையிலயே உங்க சங்கத்துல புக் பண்ணிட்டாங்க. தலைவருக்கு ஒண்ணு, துணைத்தலைவருக்கு ஒண்ணு, அந்தம்மாவுக்கு ஒண்ணு. பால்கனியோட அவசியத்த நேர்ல போய் ஆராயுறாங்களாம்."

"நாலாவது?"

"ஆய்வுக் கோப்புக்கு."

"ஃபைலுக்கா பாய்?"

"நா கேட்டேண்ணே. ஃபைலுங்க உள்ரூம்ல இருந்தா பூத்துப்போயிடும்னாங்க."

மஹாலட்சுமி எழுந்தாள். நேரே சங்கத்துக்குப் போனாள். தலைவர் தன் அறையில் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"வாம்மா. நீ நேத்து சொன்னியே, ஆறு... அத நானே நெனச்சிப் பாத்தேன். வரல. தண்ணியே வரலமா."

"நீங்க கப்பலுக்குப் போறீங்களாமே ஐயா. பால்கனி கதவு இறுகிக்கினா யாரு பேசுவாங்க? நாந்தான் வரலியே. எனக்கு உள்ரூம் ஒத்துக்காது."

தலைவரின் முகம் வெளுத்தது. துரைக்கண்ணு எங்கிருந்தோ ஓடி வந்தார். பத்தே நிமிடத்தில் அவசரத் தீர்மானம் நிறைவேறியது. கோப்புகள் உள் அறைக்கு மாற்றப்படும். கோப்புகளுக்கு மூச்சு முட்டாது என்று மஹாலட்சுமி உறுதி கொடுத்தாள். நான்காவது பால்கனி அறை மாணிக்கவேல் தம்பதிக்கு. கூடுதல் செலவை அவனே கட்டிக்கொள்வதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே நிபந்தனை, மூன்று அறைக்கும் குரல் எட்டுகிற இடத்தில் அவர்களுடைய அறை இருக்க வேண்டும். காஜா அப்படியே போட்டுக் கொடுத்தார்.

கப்பல் கிளம்பியது. கரை மறைந்த பிறகு மாணிக்கவேல் கண்ணாடிக் கதவைத் திறந்தான். காற்று முகத்தில் அடித்தது. இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை. எதிரே கடல், அதற்கு மேல் சாயங்கால வெளிச்சம், வேறு ஒன்றும் இல்லை. மஹாலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை நாள் முடியாத சீசன் இப்போதுதான் முடிந்தது என்று அவனுக்குத் தோன்றியது.

கப்பலில் அடுத்தடுத்த பால்கனிகளுக்கு நடுவே சுவர் கிடையாது. ஒரு தடுப்புப் பலகைதான். ஆளை மறைக்கும், குரலை மறைக்காது.

"அம்மா, இருக்கியாமா?" என்றது இடது பக்கப் பலகை.

"இருக்கேன் ஐயா."

"கதவு தொறந்துதான் இருக்குது. ஆனாலும் மனசு ஒரு மாதிரியா இருக்குது. அந்த ஆத்தச் சொல்லேன்."

அவள் ஆற்றைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் வலது பக்கப் பலகை, "காத்து எந்தப் பக்கம்னு சொல்லவே இல்லியேமா?" என்றது. அவள் கிழக்கு என்றாள். "கப்பல் திரும்பிடுச்சேமா, இப்பவும் கெழக்குதானா?" என்றார் துரைக்கண்ணு. மாணிக்கவேல் அவளுக்காகக் காப்பி வாங்கி வந்து மேசையில் வைத்தான். அது ஆறுவதற்குள் தலைவர் இரண்டாவது முறை கூப்பிட்டார். மேல் தளத்துப் பால்கனியிலிருந்து தில்லையம்மாள் எட்டிப் பார்த்து, "மஹாலட்சுமி, எனக்கு மட்டும் நீ தனியா சொல்லலியேமா! நானும் குழுவுல இருக்கேன்ல?" என்றார்.

மூன்று பேருக்கும் ஒரு சுற்று சொல்லி முடித்தாள். இடது பக்கம் மறுபடி தொண்டையைச் செருமிக்கொண்டது.

மஹாலட்சுமி எழுந்தாள். "ஏங்க, உள்ள வாங்க" என்றாள். அவன் உள்ளே வந்ததும் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். கைப்பிடியைக் கீழே திருப்பினாள். காற்றும் கடலும் நிர்வாகக் குழுவும் ஒரே நேரத்தில் நின்றன. திரையையும் முழுக்க இழுத்துவிட்டாள். அறை நான்கு பக்கமும் சுவராகிவிட்டது.

மாணிக்கவேல் பயந்துபோய் அவள் முகத்தையே பார்த்தான். "மஹா, மூடிட்டியே! மூச்சு வாங்கலியா?"

"சும்மா இருங்க." அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். "கேக்குதா?"

"இல்ல. ஒண்ணும் கேக்கல."

கட்டிலில் கையைக் காலை நீட்டிப் படுத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். வெளியே யாரோ பலகையைத் தட்டுகிற அதிர்வு மட்டும் லேசாக வந்தது.

"ஏங்க," என்றாள், கண்ணை மூடியபடியே. "அந்த ஃபைலுங்கள இங்க கொண்டாந்து வெச்சிட்டு, நாம அந்த உள்ரூமுக்குப் போயிடலாமா?"